பிறந்த குழந்தைக்கு பேபி கேரியர்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

குழந்தையை உடலோடு சேர்த்துச் சுமக்க உதவும் பேபி கேரியர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தையும் துணியின் மென்மையையும்தான் முதலில் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியதோ, அதில் உட்காரும் குழந்தை தடையின்றி மூச்சுவிட முடியுமா என்பதை. பிறந்த குழந்தையின் தலை உடலோடு ஒப்பிட்டால் பெரியது. அதை நிறுத்திப் பிடிக்கும் வலு கழுத்துக்கு இன்னும் வந்திருக்காது. துணி தொய்ந்தால் குழந்தை உள்ளே சுருண்டு, மோவாய் நெஞ்சில் அழுந்தி, மூச்சுப்பாதை அடைபடக்கூடும். அப்போது குழந்தையால் அழுது உணர்த்தவும் முடியாது. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010 மார்ச்சில் ஸ்லிங் (தோளில் மாட்டும் தூளி போன்ற துணி) குறித்து எச்சரித்தபோது, நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளிடம் கூடுதல் கவனம் தேவை என்றது. எனவே, குழந்தையைச் சுருட்டிப் படுக்கவைத்து இடுப்பருகே தொங்கும் பை போன்ற வகையை, எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்காதீர்கள்.

மீதி வகைகளில், உடலைச் சுற்றிக் கட்டும் இழுபடும் துணி முதல் சில மாதங்களுக்கு மிக இதமானது; கட்டப் பழகத்தான் நாளாகும். வளையம் கோத்த ரிங் ஸ்லிங்கை விரைவில் மாட்டலாம், ஆனால் எடை முழுவதும் ஒரே தோளில் இறங்கும். பக்கிள் வைத்த கேரியரில் வேலை எளிது. வாங்கும்முன், அதில் உட்காரக் குழந்தைக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச எடையைப் படியுங்கள். பல கேரியர்களில் அது 3.2 முதல் 3.6 கிலோ வரை இருக்கும். சிலவற்றில் பச்சிளங்குழந்தைக்கென்று தனி உள்மெத்தையும் வேண்டும். குறைமாதத்தில் பிறந்த அல்லது எடை குறைந்த குழந்தையானால் மருத்துவரைக் கேட்காமல் எதையும் வாங்க வேண்டாம்.

அடுத்தது இடுப்பு மூட்டு. கால்கள் நேராகத் தொங்கக் கூடாது. துணி ஒரு முழங்காலின் பின்புறத்திலிருந்து மற்றதன் பின்புறம் வரை தாங்கி, முழங்கால்கள் பிட்டத்தைவிடச் சற்றே உயர்ந்திருக்க வேண்டும். இருக்கையின் அகலத்தைக் குறைக்கவும் கூட்டவும் முடிந்தால் நல்லது. குழந்தையை வெளிப்புறம் பார்க்க வைக்கும் வசதியை விற்பவர் பெருமையாகக் காட்டுவார். தலை நன்றாக நிற்கும்வரை அதனால் உங்களுக்குப் பயனில்லை.

முடிந்தால் மாட்டிப் பார்த்தே வாங்குங்கள், அதுவும் சுமக்கப்போகிற இருவருமே. குழந்தையின் எடையில் ஒரு பொம்மையை வைத்து இறுக்கியபின், தலையைக் குனிந்தால் அதன் உச்சியில் முத்தமிட முடிகிறதா, முகம் முழுதாகத் தெரிகிறதா, மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு கையால் அதன் முதுகைப் பிடித்தபடி முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுங்கள். பொம்மை உங்கள் மார்பை விட்டு விலகினால் பட்டையை மறுபடி இறுக்குங்கள், அப்படியும் விலகினால் அந்தக் கேரியர் உங்கள் உடம்புக்கு ஏற்றதல்ல. வேறொருவர் பயன்படுத்தியதை வாங்குவதானால், பட்டை தைத்த இடங்களை வெளிச்சத்தில் இழுத்துப் பார்த்து, நூல் விட்டிருந்தாலோ பக்கிளில் கீறல் தெரிந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.