மனநல சிகிச்சைக்கு ஏன் இத்தனை பேர்?

புதிய நாட்டில் தூக்கம் கெட்டு, மனம் சோர்ந்து உதவி கேட்டுப் போகிறோம். ஒரு டாக்டரைப் பார்த்தால் மருந்து எழுதிக் கொடுப்பார் என்ற நினைப்பு. அங்கே இன்று ஒரு நர்ஸ், அடுத்த வாரம் ஒரு சமூகப் பணியாளர், அப்புறம் ஓர் உளவியலாளர். சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். தட்டிக்கழிக்கிறார்கள் என்று எண்ணி இரண்டாவது சந்திப்போடு நின்றுவிட்டவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து நிற்காதீர்கள். பல ஊர்களில் இந்தச் சிகிச்சையை ஒரு குழுவாகத்தான் செய்கிறார்கள்.

மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர். நோயைக் கண்டறிவதும் மருந்து முடிவு செய்வதும் அவர் பொறுப்பு. உளவியலாளர் பேச்சுவழி சிகிச்சை தருவார், பெரும்பாலான நாடுகளில் மருந்து எழுத மாட்டார். நர்ஸ்தான் உங்களை அடிக்கடி பார்ப்பவர், மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று கவனிப்பவர். வீட்டு வாடகை, வேலை, அரசு உதவி போன்ற சிக்கல்களுக்குச் சமூகப் பணியாளர். குளிப்பதும் சமைப்பதுமே மலையாகத் தெரிகிற நாட்களில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கைகொடுப்பார்.

இது வீண் சுற்று இல்லை. மனச்சோர்வு மாத்திரை நன்றாக வேலை செய்யவே சில வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள், யாராவது கூப்பிட்டு விசாரித்தால் தொடர்கிறார்கள். அமெரிக்காவில் மனச்சோர்வு உள்ள, 60 அல்லது அதற்கு மேல் வயதான 1,801 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2002இல் வெளியானது. ஓராண்டில் அறிகுறிகள் பாதியாவது குறைந்தவர்கள் கூட்டுச் சிகிச்சையில் 45 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 19 சதவீதம்.

இந்தக் குழுவில் நமக்கு மிக முக்கியமானவர் மொழிபெயர்ப்பாளர். "செத்துடலாம் போல இருக்கு" என்று களைப்பிலும் சொல்கிறோம், உண்மையாகவே அந்த எண்ணம் வந்தும் சொல்கிறோம். எது என்று குழுவுக்குத் தெரிந்தாக வேண்டும். அதனால் ஆங்கிலம் ஓரளவு வந்தாலும் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். அந்தச் சொற்களைச் சுமக்கிற வயது அதற்கு இல்லை, நீங்களும் பாதியை மறைப்பீர்கள். வருபவர் தெரிந்த முகமாக இருக்குமோ என்று தயக்கமா? தொலைபேசி வழியாக வேறு ஊர்க்காரர் கிடைப்பாரா என்று கேட்கலாம். ரகசியம் காப்பது அவர்களுடைய கடமை.

நீங்கள் சொல்வது குழுவுக்குள் பகிரப்படும். உயிருக்கு ஆபத்து போன்ற நிலைமை தவிர, பொதுவாக உங்கள் சம்மதம் இல்லாமல் வீட்டாரிடம் போகாது. சந்தேகம் இருந்தால் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரை, மூலிகை எல்லாவற்றையும் மருந்தாளுநரிடம் காட்டுங்கள். லித்தியம் என்ற மனநல மருந்தை எடுப்பவர் வலிக்காகச் சாதாரணமாகப் போடும் ஐபுப்ரோஃபென்கூட ரத்தத்தில் லித்தியம் அளவைக் கூட்டிவிடும்.

சரி, முதல் சந்திப்பு முடிந்து கிளம்பும்முன் இரண்டு கேள்விகள்: "இத்தனை பேரில் நான் யாரைக் கூப்பிட வேண்டும்? இரவில், விடுமுறை நாளில் யாரை?" அந்த எண்களை உங்கள் போனிலும், நீங்கள் நம்பும் ஒருவர் போனிலும் அப்போதே பதிந்துகொள்ளுங்கள்.