மெல்போர்னில் கிடைத்த கஞ்சா மருந்தும் தண்டையார்பேட்டையில் நடக்கும் தவறுகளும்

போன வாரம் ராத்திரி ஒன்பதரை மணி. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். துறைமுகத்தில் வின்ச் ஓட்டி ரிட்டையர் ஆன பெரியவர் ஒருவர் குனிந்து உள்ளே வந்தார். பதினான்கு வருடமாகத் தண்டையார்பேட்டை மெடிக்கல் ஷாப் கவுண்டரில் நிற்பவன் நான். குரலைத் தாழ்த்திப் பேசுபவர்கள் என்ன கேட்பார்கள் என்று ஓரளவு தெரியும். இவர் செல்போனை நீட்டினார்.

"தம்பி, இந்தப் பேர்ல கஞ்சாப் பூ மருந்தா வருதாமே, நம்ம கடையில கெடைக்குமா? கால் எரிச்சல் தாங்கல. மொளகா அரைச்சித் தடவினாப்ல கீது."

ஆஸ்திரேலியாவில் இருக்கும் தங்கச்சி மகன் அனுப்பிய படம். டப்பாவின் மேல் ஏதோ பழத்தின் பேர் மாதிரி ஒரு பேர்.

நம்ம கடையில் மட்டுமல்ல, இங்கே எந்த மெடிக்கலிலும் வராது என்றேன். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்று சொல்வதே செடியின் பூவும் காயும் சேர்ந்த நுனியைத்தான். வெளிநாட்டில் டப்பாவில் அடைத்து மருந்தாகக் கொடுப்பதும் அதே நுனிதான். பூ இல்லாத தனி இலை அந்த வரையறைக்குள் வராது. சித்த, ஆயுர்வேத மருந்துகளில் இலை சேர்வதற்கு அதனால்தான் இடம் இருக்கிறது. அதுவும் வைத்தியர் சீட்டோடு, உரிமம் பெற்ற கம்பெனியின் சரக்காக இருக்க வேண்டும்.

எனக்கு இந்த விவரம் ஏறியது என் மாமா பையனால். என் அக்காவைக் கட்டியவர், எனக்கு மச்சான், மெல்போர்னில் இருக்கிறார். முதுகில் டிஸ்க் ஆபரேஷன், அதன் பிறகு இடது காலில் நரம்பு வலி. மாத்திரைகள் எதுவும் கேட்காமல் போனதும் டாக்டர் இந்தப் பூவை எழுதிக் கொடுத்தார். அங்கே 2016-இலிருந்து டாக்டர் சீட்டுக்கு இது சட்டப்படி கிடைக்கிறது. மாசித் திருவிழாவுக்குத் திருவொற்றியூர் வந்தபோது, மொட்டை மாடியில் உட்கார்ந்து முதல் ராத்திரி கதையைச் சொன்னார்.

இரண்டு வகை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, டி.எச்.சி., அதாவது கஞ்சாவில் போதை தரும் சரக்கு, அதிகம் உள்ளதை எடுத்திருக்கிறார். அதிகம் என்றால் நல்லது என்ற கணக்கு. நம் ஆட்கள் 650 பாராசிட்டமாலை 500-ஐ விட 'நல்ல மாத்திரை' என்பார்களே, அதே கதைதான். லேபிளில் 22 சதவீதம். அப்படியென்றால் ஒரு கிராமில் 220 மில்லிகிராம். மச்சான் வேப்பரைசரில் (பூவை எரிக்காமல் சூடாக்கி ஆவியாக இழுக்கும் கருவி) கால் கிராம் போட்டார், அதாவது 55 மில்லிகிராம். நுரையீரல் வழியாக ரத்தத்தில் சேர்வது அதில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. அப்படிப் பார்த்தாலும் ஐந்து முதல் பதினெட்டு மில்லிகிராம் வருகிறது. புதிதாகத் தொடங்குபவருக்கு டாக்டர்கள் நினைப்பது ஒன்று, இரண்டு மில்லிகிராம்தான்.

"நெஞ்சு தேர் மேளம் மாதிரி அடிச்சுது மச்சான். செத்துடுவேன்னே நெனச்சேன்" என்றார். பாத்ரூம் தரையில், டைல்ஸ் மேல் கன்னத்தை வைத்து இரண்டு மணி நேரம். அக்கா பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மறுநாள் டாக்டர் கோபப்பட்டாராம். ஒரே ஒரு இழுப்பு, பதினைந்து நிமிடம் சும்மா இரு என்று அவர் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். மச்சான் சீட்டைப் படிக்கவில்லை.

இழுப்பதாக இருந்தால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். எண்ணெயாகக் குடித்தால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகலாம். ஒன்றும் ஆகலையே என்று நடுவில் இன்னொரு சொட்டு விட்டுக்கொள்பவர்கள்தான் ராத்திரி பூராவும் மாட்டிக்கொள்கிறார்கள்.

அப்புறம் ஒரு நோட்டு போட்டார். எத்தனை இழுப்பு, எத்தனை மணிக்கு, பத்துக்கு எவ்வளவு வலி, ராத்திரி எத்தனை தடவை முழிப்பு. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் வலி எட்டிலிருந்து ஆறரைக்குத்தான் இறங்கியிருந்தது. ஆனால் ராத்திரி நான்கு தடவை எழுந்தவர் ஒரு தடவைதான் எழுந்திருக்கிறார். அவருக்கு அந்த மருந்து தந்தது தூக்கம், வலி நிவாரணம் ஏதோ கொஞ்சம். நோட்டு இல்லையென்றால் 'சூப்பர் மருந்து' என்று ஊர் முழுக்கப் படம் அனுப்பியிருப்பார். சர்வதேச வலி ஆய்வுச் சங்கமும் வலிக்குக் கஞ்சா மருந்துகளைப் பொதுவாகப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று 2021-இல் சொல்லிவிட்டது.

இந்தப் பேர் விஷயமும் ஏமாற்று. கஞ்சா ரகங்களில் இண்டிகா என்றால் தூக்கம், சாட்டிவா என்றால் சுறுசுறுப்பு என்று பிரித்துச் சொல்வார்கள். உள்ளே இருக்கும் சரக்கின் அளவு அந்தப் பெயரோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. மச்சானுக்கே அடுத்த டப்பா, அதே பேர், வேறு சதவீதம். ஆகவே தங்கச்சி மகன் அனுப்பிய பேரை வைத்து இந்தப் பெரியவர் என்ன செய்ய முடியும்?

"அப்போ அவன் வரும்போது கொண்டாரச் சொல்லட்டுமா?"

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அந்த ஊர் டாக்டர் சீட்டு நம் ஏர்போர்ட்டில் செல்லாது. பாங்காக்கிலிருந்து ஹைட்ரோபோனிக் (மண்ணில்லாமல் வளர்த்த) கஞ்சாவோடு வந்து மீனம்பாக்கத்தில் பிடிபடுகிறவர்கள் பற்றிப் பேப்பரில் அடிக்கடி வருகிறது. சுங்கத்துறைக்காரருக்கு அதுவும் பூ, இதுவும் பூ. ஒரு கிலோவுக்குள் சின்ன அளவாக இருந்தாலும் ஒரு வருடம் வரை கடுங்காவல், அல்லது பத்தாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். மச்சான் டப்பாவை வீட்டில் பூட்டிவிட்டு, இங்கே இருந்த மூன்று வாரத்துக்கு என்ன செய்வதென்று முன்பே டாக்டரைக் கேட்டுக்கொண்டு வந்தார். அங்கேயும் அவர் கார் ஓட்டுவதில்லை. ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில் உமிழ்நீரில் டி.எச்.சி. இருந்தாலே குற்றம், சீட்டு இருந்தாலும்.

தெருவில் பொட்டலமாக விற்பதை 'மருந்துதானே' என்று வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சதவீதம் தெரியாது, பூஞ்சை தெரியாது, பீடித்தூள் கலந்து புகைத்தால் வலியோடு இருமலும் சேரும்.

ஒரு தவறு நான் செய்தது. இரண்டு வருடம் முன்பு ஒரு கம்பெனி ஆள் வந்து ஹெம்ப் சீட் ஆயில், அதாவது கஞ்சா விதை எண்ணெய் பாட்டிலை வலிக்கு என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார். நானும் மூட்டு வலிக்கார அம்மா ஒருவருக்கு அதைக் கொடுத்தேன். விதை எண்ணெய் சமையலுக்கு ஆகும் சாமான், 2021-இல் உணவாக அனுமதித்தார்கள். வலிக்கு வேலை செய்யும் சரக்கு அதில் பேருக்குக்கூட இல்லை. அந்த அம்மா ஆயிரத்துச் சொச்சம் கொடுத்தார். கேட்காமலே திருப்பிக் கொடுத்தேன், இன்னும் கூச்சமாக இருக்கிறது.

டாக்டரிடம் மறைப்பதைத்தான் கவுண்டரில் அதிகம் பார்க்கிறேன். வால்வு ஆபரேஷன் செய்து ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபாரின் மாத்திரை போடுபவர் கஞ்சா மருந்து எண்ணெயைத் தொட்டால் ரத்தம் உறையும் கணக்கு மாறும். வலிப்புக்கு குளோபசாம் சாப்பிடும் குழந்தைக்கு கஞ்சாவில் உள்ள இன்னொரு சரக்கான சி.பி.டி. சேர்ந்தால் உலுக்கினாலும் எழாத அளவு மயக்கம் வரலாம். இதய நோயாளிக்கு அந்தத் தேர் மேளம் ஆபத்து. வீட்டில் யாருக்காவது மனநோய் இருந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

பெரியவரிடம் மாத்திரை எடுக்கிறீர்களா என்று கேட்டேன். மஞ்சப்பையிலிருந்து ஸ்ட்ரிப்பை எடுத்தார். நரம்பு வலிக்கான ப்ரீகாபாலின் 75. ஆறு மாத்திரை மட்டும் காலி.

"தல சுத்துச்சி. நிறுத்திட்டேன்."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா ஐயா?"

சொல்லவில்லை. சுகர் பார்த்தது பொங்கலுக்கு முன்னால். எரிச்சலுக்கு அந்த மருந்து அளவு குறைத்தும் தருவார்கள், மாற்றியும் தருவார்கள், அதற்கு முதலில் சொல்ல வேண்டும் என்றேன். வீட்டை விட்டு நகர முடியாதவர்களுக்கு 2021-இலிருந்து நடக்கும் மக்களைத் தேடி மருத்துவத்தில் வலி தணிக்கும் சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. இவருக்கு நடக்க முடிகிறது, ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.க்குப் போகலாம்.

"செவ்வாக்கெழம போறேன். நீயே எழுதிக் குடு தம்பி, எனக்கு அங்க வாய் வராது."

பில்லின் பின்பக்கம் எழுதினேன்: ஆறு நாளில் நிறுத்திவிட்டார், தலைசுற்றல், எரிச்சல் ராத்திரியில் அதிகம், சுகர் பார்த்து நாளாயிற்று. மடித்துச் சட்டைப் பையில், கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.