கார்டிசால் மிகுதி: காரணம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முகம் உருண்டு, கைகால் மெலிந்து, வயிற்றில் செந்நீல வரிகள் படர்ந்தவர்கள் குடியாத்தத்திலிருந்தோ திருப்பத்தூரிலிருந்தோ வேலூருக்குச் சிகிச்சைக்கு வரும்போது, கையில் மூளை எம்.ஆர்.ஐ. படத்தோடு வருவதுண்டு. அட்ரீனல் சுரப்பி (சிறுநீரகத்தின் மேலிருப்பது) சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் மிகுந்திருக்கிறதா என்பதே உறுதியாகாத நிலையில் படம் எடுப்பதுதான் இதில் பெருந்தவறு. நலமாக இருப்பவர்களிலேயே ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்குப் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் தீங்கற்ற சிறு கட்டி இருக்கக்கூடும். வயது கூடக் கூட அட்ரீனல் சுரப்பியிலும் அத்தகைய கட்டிகள் தென்படும். படத்தில் தெரிந்ததையே காரணமென்று கொண்டுவிட்டால், நோயின் மூலம் ஓரிடத்தில் இருக்க, அறுவை சிகிச்சை வேறொரு சுரப்பியில் நடந்துவிடும்.

எந்தச் சோதனைக்கும் முன்னால், கார்டிசாலைப் போலவே செயல்படும் ஸ்டீராய்டு மருந்துகள் பற்றிக் கேட்டாக வேண்டும். மூட்டில் போட்ட ஊசி, ஆஸ்துமா இன்ஹேலர், நிறம் வெளுக்கத் தடவிய களிம்பு, பெயர்ச்சீட்டே இல்லாமல் பொட்டலமாக வாங்கிய மூட்டுவலிப் பொடி என எதையும் மருத்துவரிடம் மறைக்கலாகாது. அவற்றைத் தாமாகத் திடீரென நிறுத்துவதும் உயிருக்கு ஆபத்தாகலாம்.

டெக்சாமெத்தசோன் (நலமானவருக்குக் கார்டிசாலை அடக்கும் ஸ்டீராய்டு) சோதனைக்கு இரவு 11 மணியளவில் 1 மி.கி. மருந்தை விழுங்கி, மறுநாள் காலை 8 முதல் 9 மணிக்குள் இரத்தம் கொடுக்க வேண்டும். கடையில் தருவது 0.5 மி.கி. மாத்திரையாக இருந்தால் இரண்டு போட வேண்டும். ஒன்றோடு நிறுத்திக்கொண்டு வருபவரின் முடிவை நம்ப முடியாது. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினும் வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயினும் இம்மருந்தை விரைவில் சிதைப்பதாலும், கருத்தடை மாத்திரை கார்டிசாலைப் பிணைக்கும் புரதத்தைக் கூட்டுவதாலும், நோயில்லாதவருக்கும் கார்டிசால் அளவு டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமைத் தாண்டி நிற்கலாம். ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு நள்ளிரவு உமிழ்நீர்ச் சோதனை (அந்நேரம் கார்டிசால் தாழ்கிறதா என்று பார்ப்பது) பொருந்தாது.

மிகுதி உறுதியான பிறகே, அட்ரீனலைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான ஏசிடிஎச் அளவு பார்க்க வேண்டும். இந்த இரத்தத்தைக் குளிர்ந்த ஈடிடிஏ (இரத்தம் உறையாமல் காக்கும் பொருள்) குழாயில் எடுத்து, ஐஸில் வைத்து, உடனே ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். வெயிலில் பையில் கிடந்து வந்தால் ஏசிடிஎச் சிதைந்து அளவு பொய்யாகக் குறையும். மில்லிலிட்டருக்கு 10 பைகோகிராமுக்குக் கீழிருந்தால் அட்ரீனலைத்தான் தேட வேண்டும் என்பதால், இப்படிப் பொய்யாகக் குறைந்த அளவை நம்பிப் பிட்யூட்டரி நோயாளிக்கு வீணாக வயிற்று சி.டி. எடுக்கப்படும்.

ஏசிடிஎச் அளவு 20 பைகோகிராமுக்கு மேலிருந்தால், மூலம் பிட்யூட்டரியா, ஏசிடிஎச் சுரக்கும் வேறிடத்துக் கட்டியா என்று அறியப் பிட்யூட்டரி எம்.ஆர்.ஐ., சிஆர்எச் (ஏசிடிஎச்சைத் தூண்டும் ஹார்மோன்) சோதனை, 8 மி.கி. டெக்சாமெத்தசோன் சோதனை ஆகியவை உதவும். இவற்றுள் ஒன்றை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதுதல் கூடாது. பிட்யூட்டரிக் கட்டி 6 மி.மீ.க்கும் சிறியதாகவோ கண்ணுக்கே படாமலோ இருந்தால், தொடைச் சிரை (இரத்தக்குழாய்) வழியே குழாய் செலுத்தித் தலைக்குள், பிட்யூட்டரியிலிருந்து இரத்தம் வெளிவரும் இடத்தில் இரத்தம் எடுத்துப் பார்க்கும் சோதனையை அச்சத்தால் தட்டிக்கழிக்கக் கூடாது.