கேட்டில் அழுத்தினால் கொல்லையில் கேட்க வேண்டும்: மழை தாங்கும் காலிங் பெல் பொருத்தும் முறை

கூடத்துச் சுவரில் மாட்டிய டிங்-டாங் பெல் வீட்டுக்குள் எல்லாருக்கும் கேட்கும். கொல்லையில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பவருக்குக் கேட்காது. கூரியர்காரர் இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். இன்னும் சத்தமான பெல்லாக வாங்கி அதே இடத்தில் மாட்டலாம் என்றுதான் முதலில் தோன்றும். அதனால் பெரிய பலன் இருக்காது. வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் சத்தம் 6 டெசிபல் இறங்கும். 1 மீட்டரில் 85 டெசிபல் தரும் பெல் 10 மீட்டரில் 65, 20 மீட்டரில் 59 என்றாகிவிடும். நடுவில் செங்கல் சுவரும் சாத்திய ஜன்னலும் வந்தால் அதிலிருந்தும் இருபதுக்கு மேல் கழியும். காக்கையும் தெருவும் சேர்ந்து கொல்லையில் எழுப்பும் இரைச்சலே 45, 50 டெசிபல் இருக்கும்போது அந்த மிச்சம் எங்கே கேட்கப்போகிறது? ஆள் இருக்கும் இடத்துக்கே இன்னொரு பெல்லைக் கொண்டுபோவதுதான் வழி.

அதைச் செய்யும்போதே சரிசெய்ய வேண்டிய இன்னொரு விஷயம் கேட் தூணில் இருக்கிறது.

கேட் வரை 230 வோல்ட் வேண்டாம்

நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் கேட் தூணில் இருப்பது வீட்டுக்குள் மாட்ட வேண்டிய சாதாரண பெல் சுவிட்ச். அதில் நேராக ஃபேஸ் வந்து நிற்கும். ஐப்பசி அடைமழையில் தட்டுக்குப் பின்னால் தண்ணீர் இறங்கினால் தூண் முழுக்க ஈரம். அதே தூணில்தான் இரும்புக் கேட்டின் கீலும் பதிந்திருக்கும். கேட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிப்பது இதனால்தான். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சாதனம்) இருந்தால் மழை வரும்போதெல்லாம் டிரிப் ஆகும். தொல்லை தாங்காமல் ஆர்சிசிபியையே பைபாஸ் செய்பவர்கள் உண்டு. உயிர் காக்கும் ஒரே சாதனத்தைக் கழற்றிப் போடுவது அது.

சுவிட்சின் உள்ளே பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறி, அழுத்திய பட்டன் திரும்பாமல் நின்றுவிடுவதும் சகஜம். டிங்-டாங் பெல்லுக்குள் இருப்பது ஒரு காயிலும் (கம்பிச் சுருள்) அதனுள் ஓடும் இரும்புத் தண்டும்தான். அழுத்தும்போது தண்டு ஒரு தகட்டில் அடித்தால் டிங். விட்டதும் ஸ்பிரிங் தள்ளி மறு தகட்டில் அடித்தால் டாங். அந்தக் காயில் சில நொடிகளுக்கு மட்டுமே கரண்ட் தாங்கும். டாங் வராமல் 'ம்ம்ம்' என்ற முனகல் மட்டும் கேட்டால் பட்டன் ஒட்டிக்கொண்டது என்று பொருள். உடனே அந்த எம்சிபியை இறக்குங்கள். விட்டுவைத்தால் காயில் சூடேறி பிளாஸ்டிக் உருகும்.

ஆகவே கேட்டுக்கு 12 வோல்ட் டிசி மட்டும் போகட்டும். பழைய 230 வோல்ட் பெல் வீட்டுக்குள் அப்படியே இருக்கலாம். அதை ஒரு ரிலே, அதாவது 12 வோல்ட் வந்ததும் தானாக மூடும் ஒரு மின்காந்த சுவிட்ச், இயக்கும். கேட் பட்டனை அழுத்தினால் 12 வோல்ட் இரண்டு இடத்துக்கு ஒரே நேரத்தில் போகும்: கொல்லையில் பெல்லாக ஒலிக்கும் சவுண்டருக்கும், வீட்டுக்குள் உள்ள ரிலேவுக்கும்.

வாங்க வேண்டியவை

12 வோல்ட் 1 ஆம்பியர் பவர் சப்ளை ஒன்று, பிஐஎஸ் முத்திரை உள்ளதாக. 12 வோல்ட் டிசி காயில் கொண்ட ரிலே ஒன்று, அதன் பேஸுடன். கான்டாக்ட் 250 வோல்ட் 5 ஆம்பியர் தாங்கினால் போதும். 1என்4007 டயோடு ஒன்று. 12 வோல்டில் இயங்கும் ஐபி 65 சவுண்டர் ஒன்று. 22 மில்லிமீட்டர் துளைக்கான, கையை எடுத்தால் திரும்பிவிடும் பட்டன் ஒன்று, என்ஓ கான்டாக்டுடன் (அழுத்தினால் மட்டும் இணைவது). அதற்கான ஒற்றைத் துளை ஐபி 65 பெட்டி, கேபிள் நுழைய ஒரு கிளாண்ட். 0.75 சதுர மில்லிமீட்டர் டூ கோர் ரவுண்டு கேபிள், அளந்த நீளத்தோடு 3 மீட்டர் சேர்த்து. 20 மில்லிமீட்டர் பிவிசி பைப். 6 மில்லிமீட்டர் ராவல் பிளக், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ.

பட்டன் விஷயத்தில் ஒரு சூட்சுமம். அட்டையில் ஐபி 65, ஐபி 67 என்று போட்டிருக்கும். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. தண்ணீர் எண் 4 என்றால் தெறிப்பைத் தாங்கும், 5 என்றால் ஹோஸ் பீய்ச்சலைத் தாங்கும். ஆனால் தனியாக விற்கும் ஸ்டீல் பட்டன்களில் அந்த எண் பெரும்பாலும் முன்முகத்துக்கு மட்டும்தான். பின்னால் டெர்மினல்கள் திறந்தே கிடக்கும். எறும்புக்கு ஐபி எண் தெரியாது. அது பின்பக்கத் துளை வழியாகத்தான் வரும். அதனால்தான் பெட்டியும் கிளாண்டும் வேண்டும் என்கிறோம். சிவப்புப் பட்டன் வேண்டாம், ஏதோ எமர்ஜென்சி என்று நினைத்து வந்தவர்கள் தயங்குவார்கள். கடலோர ஊர் என்றால் 304 ஸ்டீலைவிட 316 உப்புக் காற்றுக்கு நன்றாகத் தாங்கும்.

சவுண்டரைத் தேர்ந்தெடுப்பது

பலர் கோட்டை விடுவது இங்கேதான். திருட்டு அலாரத்துக்கான 12 வோல்ட் ஹூட்டர் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி மாட்டினால் தெருவே திரும்பிப் பார்க்கும். பல ஹூட்டர்கள் 1 மீட்டரில் 105 டெசிபலுக்கு மேல் போகும். நமக்கு வேண்டியது சுற்றுப்புற இரைச்சலைவிட 10, 15 டெசிபல் கூடுதல், அவ்வளவே. 20 மீட்டர் தள்ளி வேலை செய்பவருக்கு 64 டெசிபல் கேட்க வேண்டுமானால் 1 மீட்டரில் 90 போதும். ஃபயர் அலாரத்துக்கு விற்கும் எலக்ட்ரானிக் சவுண்டர்களில் பல 9 முதல் 28 வோல்ட் வரை எதிலும் ஓடும். சத்தத்தையும் தொனியையும் உள்ளே மாற்றிக்கொள்ளலாம். எடுக்கும் கரண்டும் சில பத்து மில்லி ஆம்பியர்தான். தீ அபாய ஒலி போல் இல்லாத ஒரு தொனிக்கு மாற்றிவிடுங்கள்.

'கீ' என்று இழுக்கும் சின்ன பீசோ பஸ்ஸர் வேண்டாம். அதன் ஒலி 3000 ஹெர்ட்ஸ் பக்கம். வயதானவர்களுக்கு முதலில் மங்குவது அந்த உயர்ந்த சுருதிகள்தான். அடர்ந்த இலைகளும் அதைத்தான் அதிகம் விழுங்கும். 500 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரையிலான கனத்த தொனி தோட்டத்துக்கு ஏற்றது. கடையில் ஆசையாகக் காட்டும் குருவிக் கீச்சு பெல்லையும் தோட்டத்தில் மாட்டாதீர்கள். மாமரத்துக் குருவிக்கும் வாசலில் நிற்கும் விருந்தாளிக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும்.

புல்வெட்டும் மெஷினோ பம்புசெட்டோ ஓடினால் எந்தப் பெல்லும் கேட்காது. அப்படி வேலை அதிகம் என்றால் ஒரு 12 வோல்ட் எல்இடி ஃபிளாஷரைச் சவுண்டரோடு இணையாகக் கொடுத்து, கண்ணில் படும் இடத்தில் மாட்டுங்கள்.

இணைப்பு

முதலில் மெயினை இறக்கி, டெஸ்டரால் பார்த்து, கரண்ட் இல்லை என்று உறுதி செய்யுங்கள். 230 வோல்ட் பக்கத்தை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் செய்யட்டும். 12 வோல்ட் பக்கம் முழுவதும் உங்கள் வேலையாக இருக்கலாம்.

பவர் சப்ளையை இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள். கரண்ட் போன நேரத்தில்தான் எல்லாரும் தோட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அதன் பிளஸ்ஸிலிருந்து ஒரு வயர் கேட் பட்டனுக்குப் போகும்; பட்டனின் மறுமுனையிலிருந்து இன்னொரு வயர் திரும்பி வரும். திரும்பி வந்த வயரைச் சவுண்டரின் பிளஸ்ஸிலும் ரிலே காயிலின் ஒரு முனையிலும் சேர்த்துக் கொடுங்கள். சவுண்டரின் மைனஸும் காயிலின் மறுமுனையும் பவர் சப்ளையின் மைனஸுக்குப் போகும். ஆக, கேட்டுக்கு இரண்டு வயர், கொல்லைக்கு இரண்டு வயர்.

காயிலின் இரு முனைகளுக்குக் குறுக்கே அந்த டயோடைப் போடுங்கள், வெள்ளிக் கோடு பிளஸ் பக்கம் இருக்கும்படி. கையை எடுக்கும் நொடியில் காயில் உதைக்கும் எதிர் வோல்டேஜ் சவுண்டரின் எலக்ட்ரானிக்ஸைத் தின்றுவிடாமல் அது காக்கும். டயோடைத் திருப்பிப் போட்டால் பட்டனை அழுத்தியதும் பவர் சப்ளை ஷார்ட் ஆகி அடங்கிவிடும், எதுவும் ஒலிக்காது.

பழைய கேட் சுவிட்சிலிருந்து வந்த இரண்டு வயர்கள் வீட்டுக்குள் முடியும் இடத்தில் அவற்றைக் கழற்றி, அங்கே ரிலேயின் காமன், என்ஓ முனைகளை இணைத்துவிட்டால் பழைய சுவிட்ச் செய்த வேலையை ரிலே செய்யும். சில வீடுகளில் பெல்லுக்கான ஃபேஸைக் கேட் லைட்டிலிருந்தே எடுத்திருப்பார்கள். அப்படியானால் தூணில் அந்த இணைப்பைத் துண்டித்து மூடிவிட்டு, ரிலேவுக்கு ஃபேஸை உள்ளிருந்தே கொடுங்கள்.

சவுண்டரின் பிளஸ் வயரில் மட்டும் சமையலறைப் பக்கம் ஒரு சாதாரண சுவிட்ச் போட்டுக்கொள்ளுங்கள். இரவில் தோட்டப் பெல்லை நிறுத்திவைக்கலாம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலைத்தான் அளவாக வைத்திருக்கின்றன. அண்டை வீட்டாரின் தூக்கமும் முக்கியம்.

கேபிள் இழுப்பது

மொத்தக் கரண்டே 0.1 ஆம்பியரைத் தாண்டாது. 30 மீட்டர் போய்த் திரும்பினால் 0.75 கேபிளில் மின்தடை ஏறத்தாழ 1.6 ஓம், இழப்பு 0.2 வோல்ட்கூட இல்லை. 0.5 கேபிளே போதும்தான். ஆனால் இழுக்கும்போது அறுந்துபோகும் என்பதால் 0.75 சொல்கிறோம். 1 ஆம்பியர் இழுக்கும் மோட்டார் சைரன் போட்டால் கணக்கு மாறும்: அதே கேபிளில் 1.6 வோல்ட் போய்விடும்.

மண்ணுக்குள் போகும் பைப்பை 45 சென்டிமீட்டர் ஆழத்தில் புதையுங்கள். 12 வோல்டுக்கு இவ்வளவு ஆழம் எதற்கு என்றால், மண்வெட்டிக்காக. 230 வோல்ட் வயர் ஓடும் பைப்பில் இதைச் சேர்த்து விடாதீர்கள். நடுவழியில் ஜாயின்ட் வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால் ஜெல் நிரப்பிய கனெக்டர் போடுங்கள். இன்சுலேஷன் டேப் ஒரு கோடையில் பசை உருகிப் பிரிந்துவிடும்.

பட்டனைப் பொருத்துவது

உயரம் 1.2 மீட்டர், பள்ளிப் பிள்ளைக்கும் எட்டும். கேட் கதவில் வேண்டாம், தூணில் வையுங்கள். வடகிழக்குப் பருவமழைச் சாரல் நேராக அடிக்கும் கிழக்கு, வடக்கு முகங்களைத் தவிர்க்க முடிந்தால் நல்லது. இல்லாவிட்டால் மேலே 5 சென்டிமீட்டர் நீட்டிய ஒரு தகட்டுக் கூரை.

கேபிள் பெட்டிக்குள் எப்போதும் அடியிலிருந்துதான் நுழைய வேண்டும். நுழைவதற்கு முன் ஒரு சாண் அளவு கீழே தொங்கி மேலேறட்டும். வயரோடு வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். பெட்டிக்கும் சுவருக்கும் இடையே மேல்பக்கத்திலும் இரு பக்கவாட்டிலும் மட்டும் சிலிக்கான் பூசுங்கள். அடிப்பக்கத்தைத் திறந்தே விடுங்கள். நான்கு பக்கமும் அடைத்தால் பின்னால் கசியும் ஈரம் வெளியேற வழியில்லாமல் தங்கிவிடும். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் செம்பையும் பித்தளையையும் அரிக்கும். 'நியூட்ரல்' என்று எழுதியதைக் கேட்டு வாங்குங்கள். டெர்மினல்களில் கொஞ்சம் வாசலின் தடவினால் களிம்பு பிடிப்பது தள்ளிப்போகும்.

சவுண்டர் கொல்லைப்புறச் சன்ஷேடுக்கு அடியில், 2.5 மீட்டர் உயரத்தில், வாய் தோட்டத்தைப் பார்த்துக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும்.

சோதனை

பட்டனை ஒருவர் அழுத்திப் பிடித்திருக்க, சவுண்டர் முனையில் மல்டிமீட்டர் 11 வோல்டுக்கு மேல் காட்ட வேண்டும். ரிலே 'டிக்' என்கிறது, பெல் அடிக்கவில்லை என்றால் கோளாறு 230 வோல்ட் பக்கம். 'டிக்'கே இல்லை, சவுண்டர் மட்டும் ஒலிக்கிறது என்றால் காயில் இணைப்பைப் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் தூணில் பட்டனின் இரு வயர்களையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். அப்போது ஒலித்தால் பட்டன் பழுது.

அடுத்து ஹோஸ் பைப்பால் பட்டன்மேல் இரண்டு நிமிடம் பீய்ச்சுங்கள். வயரைக் கழற்றி, பட்டனின் இரு முனைகளுக்கு இடையே ஓம் அளவில் பாருங்கள். 'ஓஎல்' (இணைப்பே இல்லை) என்று வந்தால் தண்ணீர் புகவில்லை. ஏதாவது எண் வந்தால் பட்டனின் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) முறுக்கிக்கொண்டிருக்கிறது அல்லது நட்டு இறுகவில்லை.

வாடகை வீட்டுக்கு

தோண்ட முடியாது என்றால் ஒயர்லெஸ் பெல். இரண்டு ரிசீவர் வரும் செட்டாக வாங்கி ஒன்றைக் கூடத்திலும் ஒன்றைக் கொல்லைப்புறத்தை ஒட்டிய பிளக்கிலும் செருகலாம். அட்டையில் போட்ட 100, 150 மீட்டர் எல்லாம் வெட்டவெளிக்குத்தான்; கம்பி கட்டிய கான்கிரீட் நடுவில் வந்தால் பாதிகூடத் தேறாது. அட்டைப் பெட்டியில் ஐபி எண் எதற்கு என்று பாருங்கள், பட்டனுக்கு இருக்கும், ரிசீவருக்குப் பெரும்பாலும் இருக்காது. அது மழை படாத இடத்தில்தான் இருக்க வேண்டும். பட்டனை இரும்புக் கேட்டில் ஒட்டினால் சிக்னல் படுத்துவிடும், தூணில் ஒட்டுங்கள். ஒட்டும் முன் டேப்பால் தற்காலிகமாக நிறுத்தி, கொல்லைக் கதவைச் சாத்திவிட்டுச் சோதியுங்கள். பேட்டரியை ஆண்டுதோறும் புரட்டாசி முடிவதற்குள் மாற்றிவிட்டு, மூடியின் ரப்பர் வளையம் தன் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள்.