சுருள் நிற்கவில்லையா? சூட்டைக் கூட்டாதீர்கள்

போட்ட சுருள் அரை மணி நேரத்தில் தொங்கிப்போனால், சூடு போதவில்லை என்று முடிவுகட்டி கர்லிங் அயர்னை 230 டிகிரிக்கு ஏற்றிவிடுகிறார்கள் பலர். குற்றம் பெரும்பாலும் சூட்டில் இல்லை, அவசரத்தில்தான்.

முடியின் வடிவத்தைப் பிடித்துவைத்திருப்பவற்றுள், முடியின் புரதமான கெரட்டினில் உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் முக்கியமானவை. சூடு அவற்றை அவிழ்க்கும். ஆறும்போதுதான் புதிய வடிவில் இறுகும். கருவியிலிருந்து உருவிய சுருளைச் சூடாறும் முன்பே வாரினால் செய்த வேலை வீண். உள்ளங்கையில் தாங்கியோ கிளிப் போட்டோ முழுக்க ஆறவிட்டு, பிறகு விரலால் பிரியுங்கள். ஈரமும் இதே பிணைப்புகளை அவிழ்க்கும் என்பதால், சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஆறிய சுருளுக்கு ஹேர் ஸ்ப்ரே அவசியம்.

மெல்லிய முடி, சாயமேற்றிய முடி என்றால் 150 டிகிரி செல்சியஸில் தொடங்கலாம். சாதாரண முடிக்கு 160 முதல் 180. தடித்த முடிக்கு 200 வரை. ஒரு கற்றைக்குப் பத்து விநாடி தாராளம். எனவே வெப்பநிலையை எண்ணில் காட்டாத கருவி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். டூர்மலின், அயானிக் என்று பெட்டியில் மின்னும் சொற்களைவிட அந்த எண் முக்கியம்.

ஈர முடியைச் சுற்றும்போது கேட்கும் ‘சுர்’ ஓசை நல்ல அறிகுறி அல்ல. முடித்தண்டுக்குள் இருக்கும் நீர் ஆவியாகிக் குமிழ்களை உண்டாக்கும். முடி அந்த இடத்திலேயே முறியும். எண்ணெய்த் தலையும் ஆகாது. தேங்காய் எண்ணெய் காப்பாகும் என்று நம்பித் தடவினால், அது முடியோடு சேர்ந்து காய்ந்து, உருளையிலும் கருகிப் படியும். தலைக்குக் குளித்து நன்றாக உலர்த்திய முடியில் வெப்பக் காப்பு ஸ்ப்ரே அடித்து, அதுவும் காய்ந்தபின் தொடங்குங்கள்.

உருளையின் அளவில்தான் கடையில் அதிகம் ஏமாறுகிறோம். 19 மில்லிமீட்டர் உருளை நெருக்கமான சுருள் தரும். 25 பெரும்பாலோருக்குப் பொருந்தும். 38 அலையலையாக விழவைக்கும். ஆனால் தோள்வரை உள்ள முடி அதில் அதிகச் சுற்றுகள் போகாது. இடுப்பைத் தொடும் கூந்தலிலோ அந்த அலை தன் பாரத்தாலேயே நீண்டுவிடும். இரண்டுக்கும் 25-தான் நல்லது.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த கருவி என்றால், பிளக்கில் செருகும் முன் அடியில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 100–240 வோல்ட் என்றிருந்தால் கவலையில்லை. 120 மட்டும் என்றால் நம் 230 வோல்ட் மின்சாரத்தில் மூன்றரை மடங்குக்கும் கூடுதலான சக்தி அதில் பாயும். அடாப்டர் முள்ளின் வடிவத்தை மாற்றுமே தவிர, வோல்டேஜைக் குறைக்காது. அப்படிப்பட்ட கருவியை இங்கே செருகவே வேண்டாம்.