ரேம் மாற்றியபின் கணினி எழவில்லையா?

டர்பன், சாட்ஸ்வொர்த்தில் என் மேசைக்கு வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: மின்விசிறி சுழல்கிறது, திரை கறுப்பு. பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். ரேமைக் கழற்றி, தங்க நிறப் பற்களை அழிரப்பரால் மெல்லத் தேயுங்கள். கடற்காற்று ஊரில் உப்பும் ஈரமும் சும்மா விடா. ஒரே ஒரு ரேமை, பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட்டில் (ரேம் செருகும் பள்ளம்), 'டக்' என்று கவ்வும்வரை அழுத்துங்கள். நான்கு ஸ்லாட் மதர்போர்டு பெரும்பாலானவற்றில் அதுவே சரியான இடம். டிடிஆர்4, டிடிஆர்5 என்பவை ரேமின் தலைமுறைகள்; டிடிஆர்4 போர்டில் டிடிஆர்5 நுழையாது, முரட்டுத்தனம் வேண்டாம். டிடிஆர்5 போர்டானால் முதல்முறை எழச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். பதறி அணைக்கிறவர்கள்தான் அதிகம். அப்போதும் இருட்டா? மீண்டும் பிளக்கைப் பிடுங்கி, போர்டிலுள்ள வட்ட பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி மாட்டுங்கள். பழைய ரேமில் மட்டும் ஓடினால், ரசீதோடு கடைக்குப் போங்கள்.