அரன் தீவின் பச்சைத்தோல் காலணி: செய்வதும் பேணுவதும்

அயர்லாந்தின் மேற்கே, கால்வே வளைகுடாவின் வாயிலில் உள்ள அரன் தீவுகளில் மீனவர்கள் முன்பு அணிந்த 'பாம்பூட்டி' என்னும் காலணியைச் செய்து பார்க்க விரும்புகிறவர்கள், தோல் நனையக் கூடாது என்ற பழகிப்போன எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும்.

கடையில் கிடைக்கும் பதனிட்ட தோல் இதற்கு உதவாது. மயிர் நீக்காத பச்சை மாட்டுத்தோலை நீரில் ஊறவைத்து, அது நன்றாக இளகிய பிறகு, மயிர்ப்புறம் தரையில் படும்படி விரித்து, அதன்மேல் பாதத்தை ஊன்றி, விளிம்பை மேலே மடிக்கும் அளவுக்குச் சுற்றிலும் இடம்விட்டு வெட்டிக்கொள்ளுங்கள். முன்பகுதியை விரல்களின் மேலும் பின்பகுதியைக் குதிகாலைச் சுற்றியும் மடித்து, விளிம்பில் துளையிட்டுத் தூண்டில் கயிற்றைக் கோத்து இழுத்து, அதன் இரு முனைகளையும் புறங்காலின் மேல் முடிச்சிடுங்கள். தனி அடித்தோலோ ஆணியோ தேவையில்லை; எல்லாம் ஒரே துண்டுதான். உள்ளே கம்பளிக் காலுறை அணிவது வழக்கம்.

இவ்வளவு மெல்லியதாக இருப்பதே இதன் சிறப்பு என்பேன். வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறைமேல் நடக்கும்போது விரல்கள் பிடிமானத்தைத் தாமே தேடிக்கொள்ள இது இடம் தருகிறது. தார் பூசிய கித்தான் போர்த்திய 'கரக்' தோணியில் ஏறினாலும் அந்த மெல்லிய போர்வை கிழியாது.

பேணுவதில்தான் கவனம் வேண்டும். காய்ந்தால் தோல் விறைத்து, காலுறையை அறுத்துக் காலையும் கடிக்கும். ஆகவே பகலில் அவ்வப்போது அலையில் கால் நனைத்துக்கொண்டார்கள். மாலையில் கழற்றியதும் காலணியை நீர் நிறைந்த பாத்திரத்தில் போட்டு வைத்தார்கள். அப்படிப் பார்த்துக்கொண்டாலும் கரடுமுரடான பாறை அதைச் சீக்கிரம் தேய்த்துவிடும் என்பதால், அடுத்த இணைக்கான தோலையும் முன்கூட்டியே தேடி வையுங்கள்.

காலணி இரவு முழுவதும் நீரில் கிடக்கலாம்; கால் கழுவிய நீரை அவ்வாறு வீட்டில் விட்டுவைக்கக் கூடாது என்பது அயர்லாந்தின் கிராமங்களில் பரவலாக இருந்த நம்பிக்கை. பகலெல்லாம் வெறுங்காலுடன் நடந்தவர்கள் இரவில் அடுப்பங்கரையில் கால் கழுவுவார்கள். அந்த நீர் உள்ளேயே இருந்தால், 'நல்லவர்கள்' என்று அஞ்சி மரியாதையாகக் குறிப்பிடப்பட்ட மாயக் கூட்டத்தார் வெளியே வந்து நின்று அழைக்கும்போது, அந்த நீரே எழுந்து கதவைத் திறந்துவிடும் என்று கதைகள் சொல்கின்றன. எனவே உறங்கப் போகுமுன் அதை வெளியே ஊற்றிவிட வேண்டும். அப்போதும், இருட்டில் அவ்வழியே செல்லும் அவர்கள்மேல் பட்டுவிடாதிருக்க, வாசலில் நின்று "விலகுங்கள்" என்று குரல்கொடுத்த பிறகே ஊற்ற வேண்டும்.